முன்வரிசையில் உட்காராதீர்கள்: பள்ளித் தோழனின் காமெடி ஷோவுக்குப் போய்வந்த கதை

பத்தாம் வகுப்பு வரை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், பத்தொன்பது வருடம் கழித்து ஒரு நாள் வாட்ஸ்அப்பில் வந்தான். "மச்சான், நான் இப்ப ஸ்டாண்ட்-அப் பண்றேன்டா. வர்ற சனிக்கிழமை ஷோ. நீ கண்டிப்பா வரணும்." அவ்வளவுதான் செய்தி. மேடையில் தனியாக மைக்கோடு நின்று பேசியே ஜனங்களைச் சிரிக்க வைக்கிறதுதான் ஸ்டாண்ட்-அப். படித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், அவர் நடையை அப்படியே நடந்து காட்டுவான். இவன் மேடைக்குத்தான் போவான் என்று அப்போதே எங்களுக்குத் தெரியும். நடுவில் வேலை, குடும்பம் என்று எங்கேயோ போனவன் கடைசியில் அங்கே வந்து சேர்ந்துவிட்டானே என்று மனசு நிறைந்துபோனது. யோசிக்காமல் வருகிறேன் என்று பதில் போட்டேன். அன்றைக்கு நாலு கேள்வி கேட்டிருந்தால் அடுத்த ஒரு மாதத் தூக்கம் கெட்டிருக்காது. நண்பனின் ஷோவுக்கு முதல் முறையாகப் போகிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. எனக்குச் சிறு வயதிலிருந்தே பேச்சு திக்கும். பெரியவர்களில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. குழந்தையாக இருக்கும்போது திக்குகிற பலருக்கு வளர வளரப் போய்விடும். எனக்குப் போகவில்லை. பலர் நினைப்பதுபோல ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிற வகையும் இல்லை என்னுடையது. வாய் திறந்திருக்கும், சொல் தொண்டைக்கு வந்துவிடும், ஒலி மட்டும் வராது. போதாக்குறைக்கு என் பெயர் வல்லினத்தில் தொடங்குகிறது. சொல்வதற்கே கஷ்டமான சொல் எது என்று திக்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், நிறையப் பேர் சொந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். வேறு சொல் வராவிட்டால் அதே அர்த்தத்தில் இன்னொன்றைப் போட்டுச் சமாளித்துவிடலாம். பெயருக்கு எதைப் போடுவது?

பள்ளியில் வருகைப்பதிவு எடுக்கிற ஐந்து நிமிடம் எனக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கண்டம். "உள்ளேன் ஐயா" என்ற இரண்டு சொல். எனக்கு முன்னால் இருக்கிற பெயர்களை எண்ணிக்கொண்டே வருவேன், உள்ளங்கை வேர்த்துவிடும். என் முறை வந்ததும் ஒன்றும் வராது, ஆசிரியர் நிமிர்ந்து பார்ப்பார், வகுப்பு சிரிக்கும். ஏழாம் வகுப்பில் இவன் எனக்குப் பக்கத்தில் வந்தான். வந்த ஒரு வாரத்தில் ஒரு வழி கண்டுபிடித்தான். என் பெயர் கூப்பிடப்படும்போது, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், உதடு அசைவதே தெரியாமல் அவனும் "உள்ளேன் ஐயா" என்பான். அவன் குரலைப் பிடித்துக்கொண்டு என் குரலும் வந்துவிடும். இன்னொருவரோடு சேர்ந்து ஒரே நேரத்தில் பேசும்போதும், பாடும்போதும் திக்கு பெரும்பாலும் மறைந்துவிடும் என்பது பேச்சுப் பயிற்சிக்காரர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். பன்னிரண்டு வயதுப் பையன் அதைத் தானாகக் கண்டுபிடித்தான். ஒருமுறை ஆசிரியர் காதில் இரண்டு குரலும் விழுந்துவிட்டது. ஆள் மாறாட்டம் செய்கிறாயா என்று அவனை ஒரு பீரியட் முழுக்க நிற்க வைத்தார். எதற்காகச் செய்தேன் என்று அவன் வாயைத் திறக்கவே இல்லை.

அப்படிப்பட்டவன் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா?

இரண்டு நாள் கழித்து இன்னொரு செய்தி: "மூணு நாலு பேரையாவது கூட்டிட்டு வாடா, ப்ளீஸ்." ஆசையில் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, புதிதாக மேடையேறுகிறவர்களுக்கு இது ஒரு நிபந்தனை. பிரிங்கர் ஷோ என்பார்கள். இத்தனை பார்வையாளர்களைக் கூட்டி வந்தால்தான் உனக்கு மேடை, இல்லாவிட்டால் நேரம் குறையும் அல்லது பெயரே பட்டியலில் இருக்காது. எல்லா இடத்திலும் இப்படி இல்லை. ஓப்பன் மைக் என்றால் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ பேசலாம், பார்வையாளர்களுக்குப் பெரும்பாலும் இலவசம், இருந்தாலும் சொற்பக் கட்டணம். பலர் வரிசையாகப் பேசுகிற ஷோவில் ஆளுக்கு ஐந்திலிருந்து பத்து நிமிடம் கிடைக்கும். கடைசியில் வருகிற முக்கியமான ஆளுக்குத்தான் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம். நண்பன் ஷோ என்று சொன்னால் இதில் எது என்று முதலில் கேளுங்கள். நீ எத்தனை நிமிடம் பேசுகிறாய், எத்தனாவது ஆளாக வருகிறாய், நான் ஆள் கூட்டி வரவில்லை என்றால் உனக்குப் பாதிப்பு உண்டா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். அவன் நேராகச் சொல்லிவிடுவான். அவனுக்கும் அது பெரிய பாரம்தான், நீங்கள் கேட்டால் நிம்மதி அடைவான்.

நான் கேட்கவில்லை. என் பணத்திலேயே நான்கு டிக்கெட் வாங்கினேன். அலுவலகத்தில் இருவரும், உறவில் ஒரு தம்பியும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை மதியத்துக்குள் மூன்று பேருமே ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டார்கள். வாங்கிய டிக்கெட்டைத் திருப்பித் தர மாட்டார்கள் என்பது அனுமதிச் செய்தியின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. உள்ளே போனதும் இன்னொரு செலவு. இருக்கைக்கு இத்தனை என்று சாப்பிடவோ குடிக்கவோ எதையாவது வாங்கியே ஆக வேண்டுமாம். இப்படிக் கட்டாயம் வைக்கிற அரங்குகள் உலகம் முழுக்க உண்டு, டிக்கெட் வாங்கும்போதே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். போகவர மூன்று மணி நேரப் பயணம். எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் என் இரண்டு நாள் சம்பளம். அவனுக்காகச் செலவழித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. வராதவர்களுக்காகச் செலவழித்ததுதான் உறுத்துகிறது. யார் வருகிறார்களோ அவர்களிடம் முதலில் பணத்தை வாங்கிக்கொண்டு டிக்கெட் போடுங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

ஷோ சொன்ன நேரத்துக்கு ஐம்பது நிமிடம் தள்ளித்தான் தொடங்கியது. கதவைத் திறந்ததும் தொகுப்பாளர் எல்லோரையும் முன்னால் வரச் சொல்லி வற்புறுத்தினார். பின்னால் இடம் காலியாக இருந்தும், தனியாக வந்த என்னைக் கையைக் காட்டி முதல் வரிசையின் நடுவில் உட்கார வைத்தார். நண்பனுக்கு நன்றாகத் தெரியட்டுமே என்று நானும் போய் உட்கார்ந்தேன். என் பெரிய தவறு அதுதான்.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே எதுவுமே தற்செயலாக இல்லை. கூரை தாழ்வாக இருந்தது. நாற்காலிகள் முழங்கால் இடிக்கிற அளவுக்கு நெருக்கம். பார்வையாளர் பக்கம் கும்மிருட்டு. சிரிப்பு சிதறாமல் இருக்கவும், ஒருவர் சிரிப்பு இன்னொருவருக்குத் தொற்றவும்தான் இப்படி. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது நாம் முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்று ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறார். முன்னால் காலி நாற்காலி கிடந்தால் பேசுகிறவர் பாடு திண்டாட்டம், அதனால்தான் தொகுப்பாளர் அவ்வளவு மல்லுக்கட்டினார். இன்னொன்று, மேடை விளக்கு நேராகக் கண்ணில் அடிப்பதால் பேசுகிறவருக்கு முதல் இரண்டு வரிசை முகங்கள்தான் தெரியும், அதற்குப் பின்னால் வெறும் இருட்டு. அவர் யாரிடமாவது பேச்சுக் கொடுக்க நினைத்தால் அந்த இரண்டு வரிசையில்தான் கை வைப்பார். எந்த ஊர், என்ன வேலை, பக்கத்தில் யார் என்று தொடங்கும், அதற்குக் கிரவுட் வொர்க் என்று பெயர். சிலருக்கு அது பிடிக்கும். பிடிக்காது என்றால் நான்காவது வரிசைக்குப் பின்னால், ஓரத்து நாற்காலியில் உட்காருங்கள். முன்னால் போகச் சொல்லி வற்புறுத்தினால், என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று தொகுப்பாளரிடமே சொல்லுங்கள். ஷோ தொடங்குவதற்கு முன் சொன்னால் பேசுகிறவர்களிடம் அவர் சொல்லிவிடுவார். இதெல்லாம் அவர்களுக்குப் பழக்கமான விஷயம்தான்.

பன்னிரண்டு பேரில் அவன் ஒன்பதாவது. அதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது, மற்றவர்களில் இரண்டு பேர் உண்மையிலேயே நன்றாகப் பேசினார்கள். அவன் பெயரைச் சொன்னதும் எனக்கு நெஞ்சு படபடத்தது, என் பிள்ளை மேடையேறுவதுபோல இருந்தது. வந்தான், மைக்கை எடுத்தான், தாங்கியைத் தூக்கி ஓரமாக வைத்தான். அந்தக் கை நடுங்கியதை முதல் வரிசையில் இருந்த நான் பார்த்தேன். வேலையைப் பற்றிய முதல் நகைச்சுவைக்கு நல்ல சிரிப்பு. அடுத்ததற்கு ஒரு சத்தமும் இல்லை. அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். அப்புறம், "ஸ்கூல்ல எனக்கு ஒரு ஃபிரெண்டு இருந்தான்" என்று ஆரம்பித்தான்.

அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. மைக்கை உதட்டோடு ஒட்ட வைத்து, "உ... உ... உ..." என்றான். ஒலிபெருக்கியில் அந்த 'உ' அறை முழுக்க அடித்தது. கண்ணைச் செருகிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, தலையை வெட்டி வெட்டிக் காட்டினான். ஆசிரியராகவும் அவனே நின்று, "உள்ள வர்றியா, வெளிய போறியா?" என்று கேட்டான். அறை அதிர்ந்தது. எனக்குப் பின்னால் ஒரு பெண் சிரித்துச் சிரித்து இருமினாள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். வகுப்பில் எல்லோரும் சிரிக்கும்போது கூடச் சிரித்துவிட்டால் கொஞ்சம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று உடம்பு கற்றுவைத்திருந்தது, அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அதோடு நின்றிருந்தால் வீட்டுக்குப் போய் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். சிரிப்பு அடங்குவதற்குள் அவன் என்னைப் பார்த்துவிட்டான். "அவன் இன்னிக்கு இங்கதான் இருக்கான்! மச்சான், எழுந்திரிடா. உன் பேரை நீயே சொல்லு." குனிந்து மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினான். எழுந்தேன். என் பெயரின் முதல் எழுத்துக்கு வாய் போனது, அங்கேயே நின்றது. மைக்கின் கம்பி வலையில் ஒரு இடம் நசுங்கி இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒருவர் சிரித்தார். அப்புறம் பலர் சிரித்தார்கள். ஏற்பாடு செய்து வைத்த ஆள், நடிக்கிறான் என்று நினைத்திருக்கிறார்கள். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மாறியதைப் பார்த்தேன், ஆனாலும் மைக்கை எடுக்கவில்லை. ஏழாம் வகுப்பில் செய்ததை அவன் அப்போது செய்திருக்கலாம். என்னோடு சேர்ந்து என் பெயரை ஒருமுறை சொல்லியிருந்தால் வந்திருக்கும். சொல்லவில்லை. கடைசியில், "பெரிய கைதட்டு கொடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனான். ஜனங்கள் எனக்குக் கைதட்டினார்கள், நடிப்புக்காக.

மேடையிலிருந்து கேள்வி வந்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இது அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் எழுந்தே இருக்க மாட்டேன். தலையை ஆட்டி, கையை உயர்த்தி, "வேண்டாம்" என்று காட்டினால் போதும். நன்றாகப் பழகிய கலைஞர் அந்த நொடியில் பக்கத்து ஆளிடம் போய்விடுவார். திருப்பிக் கத்துவதோ, சவால் விடுவதோ வேண்டாம். மைக் அவர் கையில், வெளிச்சம் அவர் மேல், நீங்கள் ஜெயிக்க முடியாது, அவருக்கு இன்னும் தீனி போட்டதாகிவிடும். எழுந்து வெளியே போக வேண்டும் என்று தோன்றினால் போய்விடுங்கள். ஓரத்து நாற்காலி என்று சொன்னேனே, அது இதற்கும் சேர்த்துத்தான்.

ஷோ முடிந்ததும் வாசலில் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். சட்டை நனைந்திருந்தது. "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டான். "நல்லா இருந்துச்சுடா" என்றேன். அந்த இரண்டு சொல்லும் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தன. பொய் சொல்லும்போது மட்டும் ஏன் அவ்வளவு சுலபமாக வருகிறது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அன்றிரவே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். மேடையிலிருந்து இறங்கிய அரை மணி நேரத்தில் ஒருவரிடம் எதைச் சொன்னாலும் அது சரியாகப் போய்ச் சேராது, ஒன்று அவர் வானத்தில் இருப்பார், இல்லை பாதாளத்தில் இருப்பார். ஆனால் பொய்யான பாராட்டும் வேண்டாம். "வந்ததில் சந்தோஷம், நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நான் "நல்லா இருந்துச்சு" என்றதை நம்பித்தான் அடுத்ததை அவன் செய்தான்.

மூன்றாம் நாள், ஷோவுக்கு வராத அலுவலக நண்பர் எனக்கு ஒரு வீடியோவை அனுப்பி, "இது நீங்கதானே?" என்று கேட்டிருந்தார். பின்சுவர் ஓரமாக முக்காலியில் ஒரு கைப்பேசி நின்றிருந்ததை நான் கவனித்திருந்தேன், யோசிக்கவில்லை. எழுதித் தயார் செய்த நகைச்சுவையை இணையத்தில் போட்டால் அது பழசாகிவிடும், அடுத்த ஷோவில் எடுபடாது. அதனால் பார்வையாளர்களோடு பேசுகிற துண்டுகளைத்தான் நிறையப் பேர் வெட்டிப் போடுகிறார்கள். அதாவது, முதல் வரிசையில் உட்காருகிறவரின் முகம்தான் வெளியே போவதற்கு அதிக வாய்ப்பு. வாயைத் திறந்தபடி, கண் ஒரே இடத்தில் நிலைக்க, நான் அதில் நின்றுகொண்டிருந்தேன். கீழே சிரிக்கிற பொம்மைகளாகப் போட்டிருந்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. அதைப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை, மறுநாள் விடுப்பு எடுத்தேன், அதற்கடுத்த நாளும். அலுவலகக் கூட்டத்தில் பேச வேண்டிய முறை வந்தபோது இன்னொருவரை அனுப்பினேன். பல வருடப் பயிற்சியில் ஏறி வந்த படிகளில் நாலு படி சறுக்கியதுபோல் இருந்தது.

உள்ளே நுழையும்போதே, பதிவு செய்கிறீர்களா, பார்வையாளர் முகம் வருமா என்று கேட்டுவிடுங்கள். வீடியோ வெளியே வந்துவிட்டால், போட்டவரிடமே முதலில் கேளுங்கள், அதுதான் வேகமான வழி. சுற்றிவளைக்காமல், எந்த வீடியோ, எந்த இடம், எடுத்துவிட வேண்டும் என்று எழுதுங்கள். மறுத்தால் அந்தந்தத் தளத்திலேயே புகார் செய்யலாம். யூடியூபில் தனியுரிமைப் புகார் என்று தனியாகவே ஒரு வழி இருக்கிறது. முகமோ குரலோ பெயரோ வைத்து உங்களை அடையாளம் காண முடிகிறது என்று காட்ட வேண்டும். போட்டவருக்கு 48 மணி நேரம் கொடுப்பார்கள், அதற்குப் பிறகு அவர்களே பார்த்து முடிவு செய்வார்கள். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. வீடியோவைப் போட்டது என் நண்பன்தான், அவனுக்கு "அதை எடுத்துடு" என்று மட்டும் எழுதினேன். பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டான். பிறகு ஆறு முறை கூப்பிட்டான், நான் எடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஓர் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் என் வீட்டுக்கே வந்துவிட்டான். ஷோவில் பேசுவதையெல்லாம் எங்கே சிரிப்பு வந்தது, எங்கே வரவில்லை என்று திரும்பக் கேட்பதற்காகப் பதிவு செய்து வைப்பானாம். எல்லோரும் செய்வதுதான். இயர்போனின் ஒன்றை என் காதிலும் இன்னொன்றைத் தன் காதிலும் வைத்துக்கொண்டு, "நீயும் கேளுடா" என்றான். நான் திக்கி நின்ற அந்த இடம் 5.48ல் தொடங்கி 5.59ல் முடிந்தது. பதினொரு விநாடி. எனக்கு அது முடிவே இல்லாததுபோல் இருந்தது. அவன் அதை இதற்கு முன் பல தடவை கேட்டிருக்கிறான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. "ரெண்டாவது ஜோக் விழுந்துடுச்சுடா. லைட் வர்றதுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்துச்சு, கையில ஒண்ணும் இல்ல. உன் முகம் தெரிஞ்சுது." நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பின்னால் ஒரு சின்ன விளக்கைக் காட்டுவார்கள், அதைத்தான் சொன்னான். பயத்தில் செய்திருக்கிறான். நான் பயந்து சிரித்தேன், அவன் பயந்து கூப்பிட்டான்.

ஆனால் எனக்கு வலித்த இடம் அது இல்லை. "எனக்காக மெதுவா நீயும் சொல்வியே, அதை ஏன்டா கதையில விட்டுட்ட?" என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அதை வச்சுத்தான்டா முதல்ல எழுதினேன். அந்த இடம் வந்தா யாரும் சிரிக்கல. ஒவ்வொரு ஷோவுலயும் கொஞ்சம் கொஞ்சமா வெட்டினேன். கடைசியில திக்குறது மட்டும்தான் மிச்சம் இருந்துச்சு." இதைக் கேட்டபோதுதான் எனக்கு முழு விஷயமும் விளங்கியது. ஒரு நகைச்சுவையை ஒரே நாளில் எழுதி முடிப்பதில்லை. சின்னச் சின்ன அரங்குகளில் மாதக்கணக்கில் சொல்லி, சிரிப்பு வராத சொல்லையெல்லாம் சீவி எறிந்துதான் அது உருவாகிறது. அப்படிச் சீவும்போது எங்கள் சிநேகிதம்தான் முதலில் விழுந்திருக்கிறது. அவனுக்கே தெரியாமல் விழுந்திருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், பழைய நண்பர் யாராவது மேடையேறுகிறார் என்று தெரிந்தால், "நான் அதில் வருகிறேனா?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கதை இறுகுவதற்கு முன் சொன்னால் மாற்றுவது அவர்களுக்கும் சுலபம். பல மேடையில் கைதட்டு வாங்கிய பிறகு கேட்டால், அவர்கள் வயிற்றில் கை வைப்பதுபோல ஆகிவிடும்.

திக்குவதை வைத்துச் சிரிக்கவே கூடாது என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்காவில் ட்ரூ லிஞ்ச் என்பவருக்கு ஒரு விளையாட்டு விபத்துக்குப் பிறகு பேச்சு திக்க ஆரம்பித்தது. 2015ல் அங்கே ஒரு பெரிய தொலைக்காட்சித் திறமைப் போட்டியில் அந்தப் பேச்சோடே மேடையேறி இரண்டாம் இடம் பெற்றார். திக்குவது அவருக்கு, கதையும் அவருடையது, எப்போது நிறுத்துவது என்பதும் அவர் கையில். அதைத்தான் அவனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டான். தன் பக்கத்தையும் சொன்னான். பள்ளி நாட்கள் என்னுடையவை மட்டும் இல்லை, அவனுக்கும் அதில் பங்கு உண்டு, அதைச் சொல்லவே கூடாது என்றால் அவனுக்கு மேடையில் பேச என்ன இருக்கிறது? அதுவும் நியாயம்தான்.

கடைசியில் மூன்று நிபந்தனை சொன்னேன். என் பெயர் வரக் கூடாது. நான் இருக்கும்போது என்னைக் கூப்பிடக் கூடாது. மூன்றாவது, திக்கிக் காட்டக் கூடாது. அந்த 'திக்கி' என்ற சொல்லே எனக்கு வல்லினத்தில் மாட்டிக்கொண்டது. நாக்கு மேல்பல்லில் ஒட்டி நின்றது. அவன் என் முகத்தைப் பார்த்தபடி இருந்தான், கைப்பேசியைப் பார்க்கவில்லை, எனக்குப் பதிலாகச் சொல்லி முடிக்கவும் இல்லை. சொல் வந்த பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தில் சில வரிகளை அடித்தான். எதை அடித்தான் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போனேன். ஒரே ஒரு டிக்கெட், நான்காவது வரிசை, ஓரத்து நாற்காலி. இந்த முறை அவன் ஆறாவது ஆள். பள்ளிக் கதையை எடுத்தான், எனக்குக் கை சில்லிட்டது. ஆனால் கதையில் இந்த முறை மாட்டிக்கொண்டவன் அவன்தான். ஒரே பெயருக்கு இரண்டு குரல் கேட்டுக் குழம்பிப்போன ஆசிரியர், யாருக்காகச் செய்தேன் என்று சொல்லவும் முடியாமல் ஒரு பீரியட் முழுக்க நின்ற பையன், நிற்க நிற்க முட்டிக்கொண்டு வந்த சிறுநீர். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதையின் நடுவில் குரலைத் தாழ்த்தி, உதடு அசையாமல், மைக்கில் மெல்ல "உள்ளேன் ஐயா" என்றான். நான்காவது வரிசை இருட்டில் நானும் அவனோடு சேர்ந்து சொல்லிப் பார்த்தேன். வந்தது.